பில் பார்செல்ஸ்: கோச்சா பெரிய ஆளா, டீம் எடுக்கறதுல பெரிய ஆளா?

பல்லடத்தான்:
எல்லாருக்கும் வணக்கமுங். இதப்பத்தி பேச நம்மூர்ல ஆள் இருக்காங்களான்னே தெரில, இருந்தாலும் கேட்டு வெப்போம். நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், எங்க பையர் நியூ ஜெர்சிக்காரரு, ஷிப்மென்ட் பேச கூப்புட்டா பாதி நேரம் ஃபுட்பால் கதைதான், அதாவது ஹெல்மெட் போட்டு மோதற அமெரிக்கன் ஃபுட்பால். அவருக்கு பில் பார்செல்ஸ்னா குலதெய்வம். அவரு சொல்லிச் சொல்லியே நானும் கொஞ்சம் பாக்க ஆரம்பிச்சுட்டேன். ஜயன்ட்ஸ், பேட்ரியட்ஸ், ஜெட்ஸ், கவ்பாய்ஸ்னு 4 டீமுக்கு ஹெட் கோச், நாலையும் பிளேஆஃப் கூட்டிட்டுப் போயிருக்காரு, ஜயன்ட்ஸ்ல 2 சூப்பர் பௌல் (அதான் சீசனோட ஃபைனல் கப்பு) வேற. இவ்ளோ பெரிய கோச்சு எதுக்குங்க போற எடமெல்லாம் ப்ளேயர் எடுக்கறதும் என்ற கைலதான் இருக்கோணும்னு மல்லுக்கு நின்னாரு? குடுக்கற டீம வெச்சு ஜெயிச்சா பத்தாதா? கடைசில மயாமில கோச்சிங்கே வேண்டாம்னு மேல ஆபீஸ்ல உக்காந்து டீம் எடுத்தாராமே, அது ஒர்க்அவுட் ஆச்சா இல்லீங்களா?

நொய்யல்கரை:
நல்ல கேள்விங் தம்பி. ஐபிஎல் ஏலத்த மனசுல வெச்சுட்டு இதப் பாத்தா புரியாது. அங்க காலேஜ்ல இருந்து வர்ற பசங்கள ட்ராஃப்ட்னு ஒண்ணு வெச்சுத்தான் எடுப்பாங்க, போன சீசன்ல கடைசியா வந்த டீமுக்கு மொத சான்ஸு, கப்பு ஜெயிச்சவனுக்குக் கடைசி சான்ஸு. காசு எவ்ளோ வெச்சிருந்தாலும் அங்க செல்லாது, 1994-ல இருந்து சம்பளத்துக்கும் மொத்தமா ஒரு உச்சவரம்பு போட்டுட்டாங்க. அதனால எந்தப் பையன எந்த ரவுண்டுல எடுக்கறோம்ங்கறதுதான் பாதி ஆட்டமே.

இனி பார்செல்ஸ் கதைக்கு வாங்க. 1993-ல பேட்ரியட்ஸ்க்கு வர்றாரு, அதுக்கு முந்தின வருசம் அந்த டீம் 2 ஜெயிச்சு 14 தோத்த டீமு. மொத சான்ஸ்ல ட்ரூ பிளெட்சோன்னு குவார்ட்டர்பேக் (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தற ஆளு) ஒருத்தர எடுத்தாரு, அடுத்த வருசமே 10-6 (10 ஜெயிச்சு 6 தோல்வி), பிளேஆஃப். 1994-ல ராபர்ட் கிராஃப்ட் டீம வாங்கறாரு, புது ஓனரு, புது ரோசனை. 1996 ட்ராஃப்ட்ல டிஃபென்ஸ்க்கு ஆள் வேணும்னு பார்செல்ஸ் கேக்கறாரு, ஓனர் டீம் எடுக்கற பொறுப்ப பாபி கிரியர்ங்கற இன்னொருத்தர் கைல குடுத்துட்டாரு, அவங்க ஏழாவது சான்ஸ்ல டெர்ரி க்ளென்னு ஒரு ரிசீவர, அதாவது எறியற பந்த புடிக்கற ஆள, எடுத்துட்டாங்க. மனுசனுக்கு வந்துச்சே கோவம். அந்த சீசன் முடிஞ்சு வெளிய வந்தப்ப சொன்னதுதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது, சமையல் நாந்தான் பண்ணோணும்னா மளிகை வாங்கறதுலயாச்சும் கொஞ்சம் என்னைய உடோணும்னு.

நம்மூரு கல்யாணத்துல பாத்துருப்பீங்களே. சமையல் மாஸ்டர் இந்தப் பருப்பு, இந்த அரிசின்னு தெளிவா லிஸ்ட் எழுதிக் குடுப்பாரு, வாங்கப் போறது ஊட்ல மாமனோ சித்தப்பனோ, மூட்டைக்கு எரநூறு கொறையுதுன்னு வேற சரக்க ஏத்திட்டு வந்து எறக்குவாங்க, பந்தில சாம்பார் சரியில்லைன்னா ஏச்சு வாங்கறது மட்டும் மாஸ்டரு. அதேதானுங்க.

கோபி அக்கா:
நொய்யல்கரை தம்பி பாதிக் கதைய சொல்லிட்டு மீதிய உட்டுட்டீங்களே. அந்த டெர்ரி க்ளென் மொத வருசமே 90 கேட்ச் புடிச்சாப்ல, புதுசா வந்த ப்ளேயர் ஒரு சீசன்ல அவ்ளோ புடிச்சது அன்னைக்கு ரெக்கார்டு. அதே சீசன்ல டீம் சூப்பர் பௌல் வரைக்கும் போச்சு, பேக்கர்ஸ் கிட்ட 35-21 தோத்தாங்க. வேண்டாம்னு சொன்ன சரக்குதான் பந்தில நின்னுச்சு :)

எங்கூட்டுக்காரர் வேலைக்காக டல்லாஸ்ல ரொம்ப வருசம் இருந்தோம், ஞாயித்துக்கெழமையானா எங்கூட்ல கவ்பாய்ஸ்தான் ஓடும், அதனால பார்செல்ஸ நான் திட்டுன அளவுக்கு அவர் சம்சாரம் கூட திட்டிருக்காது. ஆனா ஒண்ணு சொல்லோணும். ஜயன்ட்ஸ்ல அவர் கப்பு ஜெயிச்சப்ப டீம் எடுத்தது அவரில்ல, ஜெனரல் மேனேஜர் ஜார்ஜ் யங். குவார்ட்டர்பேக் ஃபில் சிம்ஸ 1979-ல எடுத்தது அவரு, டிஃபென்ஸ் ஆளு லாரன்ஸ் டெய்லர 1981-ல எடுத்ததும் அவரு, பார்செல்ஸ் ஹெட் கோச் ஆனது 1983-லதான். அந்த மொத வருசம் 3-12-1 (கடைசி 1 டிரா), ஊட்டுக்கு தாட்டிவிடற பேச்செல்லாம் ஓடி, எப்படியோ தப்பிச்சாரு. அப்பறம் 1986-ல 14-2, சூப்பர் பௌல்ல டென்வர 39-20. அதாவது மளிகை வேற ஆளு வாங்கித்தான் மனுசனோட ரெண்டு பெரிய விருந்தும் நடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு பக்கத்துல உக்காந்து "அது வேண்டாமுங்"னு சொல்றதுக்கு தெம்பான ஆள் இருந்தப்பதான் அவரு நல்லா ஜொலிச்சாரு.

நொய்யல்கரை:
அக்கா சொல்றதுல நாயம் இருக்குதுங், ஆனா ஆள் பாக்கற கண்ணு அவருக்கு இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க. பேட்ரியட்ஸ்ல அவர் இருந்தப்ப வந்தவங்கள எண்ணிப் பாருங்க: வில்லி மெக்கினெஸ்ட், டை லா, கர்ட்டிஸ் மார்ட்டின், லாயர் மிலாய், டெடி ப்ரூஸ்கி. இதுல மார்ட்டினும் ப்ரூஸ்கியும் மூணாவது ரவுண்டு! மார்ட்டினும் டை லாவும் ஹால் ஆஃப் ஃபேம்ல (ஜாம்பவான்கள் பட்டியல்) இருக்காங்க. 2001 சீசன்ல பேட்ரியட்ஸ் ஹெட் கோச்சா பெலிச்சிக் மொத கப்பு தூக்குனாரே, அந்த டிஃபென்ஸ்ல பாதி அஸ்திவாரம் பார்செல்ஸ் காலத்து ஆளுங்கதான். உங்க கவ்பாய்ஸ்லயே குவார்ட்டர்பேக் டோனி ரோமோ யாருமே ட்ராஃப்ட்ல எடுக்காத பையன், 2003-ல சும்மா கூப்புட்டு சேத்துக்கிட்டாங்க.

கோபி அக்கா:
ரோமோவ மட்டும் ஞாபகப்படுத்தாதீங்க சாமி. 2007 ஜனவரி, சியாட்டில்ல பிளேஆஃப், 21-20-ல பின்னாடி இருக்கறோம், ஆட்டம் முடிய ஒன்றரை நிமிசம் கூட இல்ல, 19 யார்டு கிக்கு, கண்ண மூடிட்டு அடிக்கலாம். பந்த புடிச்சு நட்டு வெக்கற வேலை ரோமோவுக்கு, கைல வந்த பந்து வழுக்கிருச்சு, எடுத்துட்டு ஓடுனாப்ல, கோட்டுக்கிட்ட போயி உழுந்தாப்ல. என்ற பையன் டிவிய ஆஃப் பண்ணிட்டு வெளிய போனவன் ராத்திரி சோறுங்கல. அதுதான் பார்செல்ஸ் கோச்சா நின்ன கடைசி மேட்ச்.

சிங்கை_வாலிபால்:
நான் ஒரு காலேஜ்ல வாலிபால் கோச், பேரு வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டால யாருக்கு சீட்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க, ஜூன்ல போனா செட்டர் இல்லாம ஒம்பது ஸ்பைக்கர் நிப்பானுங்க, சோனல்ல தோத்தா மட்டும் ரூமுக்குக் கூப்புட்டு கேள்வி. அதனால பார்செல்ஸ் பக்கம்தான் நானு, அக்கா மன்னிக்கோணும். சரி, தம்பி கேட்ட மயாமி கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலியே?

நொய்யல்கரை:
சொல்லிர்றேன். 2007 சீசன்ல மயாமி 1-15, அதைவிட கேவலமா போகோணும்னா ஒண்ணுகூட ஜெயிக்காம போகோணும். அங்கதான் இவரு ஃபுட்பால் ஆப்பரேஷன்ஸ்க்கு எக்ஸிகியூட்டிவ் வைஸ் பிரெசிடென்ட்டா வர்றாரு, டோனி ஸ்பரானோவ கோச்சா போடறாரு, ஜெஃப் அயர்லாண்ட ஜெனரல் மேனேஜரா போடறாரு. அதுக்குள்ள ஆகஸ்ட்ல ஒரு லக்கு, ஜெட்ஸ் காரங்க ப்ரெட் ஃபார்வ கூட்டிட்டு வந்து அவங்க குவார்ட்டர்பேக் சாட் பென்னிங்டன வெளிய அனுப்பிட்டாங்க. அந்த பென்னிங்டன் யாரு? 2000-ல ஜெட்ஸ்ல ஜெனரல் மேனேஜரா இருந்தப்ப இவரே எடுத்த பையன். ஓடனே புடிச்சுப் போட்டாங்க. செப்டம்பர்ல பேட்ரியட்ஸ் ஊட்லயே போயி, குவார்ட்டர்பேக்குக்கு பதிலா ரன்னர் ரோனி பிரௌன் கைக்கே பந்து நேரா போற மாதிரி வைல்ட்கேட்னு ஒரு ஐட்டத்த எறக்கி 38-13னு சாத்துனாங்க. சீசன் முடிவுல 11-5. ஒரே வருசத்துல 1-ல இருந்து 11, டிவிஷன் டைட்டில் வேற.

சரி, ஜெயிச்சாச்சுன்னு நெனைப்பீங்க. அடுத்த வருசம் பென்னிங்டனுக்கு தோள் போச்சு, 7-9. அதுக்கடுத்த வருசமும் 7-9, 2010-ல அவரு கெளம்பிட்டாரு.

கோபி அக்கா:
ஏன் போச்சுன்னு சொல்லுங்க தம்பி, அதுலதான் விசயமே. 2008-ல மொத சான்ஸ் கைல. மேட் ரையன்னு குவார்ட்டர்பேக் இருந்தாப்ல, அத உட்டுட்டு ஜேக் லாங்னு லைன்ல நின்னு மறிக்கற ஆள எடுத்தாரு. லாங் மோசம்னு சொல்ல முடியாது, மொத 4 வருசமும் ப்ரோ பௌலுக்கு (ஸ்டார் ப்ளேயருங்க மேட்ச்) தேர்வானாப்ல. ஆனா ரையன் மூணாவது சான்ஸ்ல அட்லான்டாவுக்குப் போயி, பின்னால எம்விபி (சீசனோட சிறந்த ப்ளேயர் விருது) வாங்கி, சூப்பர் பௌல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாப்ல. பார்செல்ஸ் எப்பவுமே ஆளு பெருசா கனமா இருக்கோணும்னு பாக்கறவரு, லைனு, டிஃபென்ஸு, இதுலதான் அவர் மனசு. மயாமில கோச்சும் அவர் போட்ட ஆளு, மேனேஜரும் அவர் போட்ட ஆளு. ரையன எடுங்கன்னு அங்க மேசைய தட்டி யாரு சொல்லுவா? அந்த ஒரு குவார்ட்டர்பேக் கைல இருந்திருந்தா பென்னிங்டன் தோள் போனதுக்கு இவ்ளோ அழுக வேண்டியதில்ல.

சிங்கை_வாலிபால்:
ஒத்துக்கறேன், ஆனா எனக்கு ஒரு சான்ஸாச்சும் குடுத்துப் பாக்கட்டும் எங்க மேனேஜ்மென்ட் :(

பல்லடத்தான்:
அடேங்கப்பா, நாளைக்கு கால்ல பையர ஒரு வழி பண்ணிர்றேன். கடைசியா ஒண்ணு, அவர் கோச்சிங் எப்படின்னு புரிய ஒரே ஒரு மேட்ச் பாக்கோணும்னா எதுங்க?

கோபி அக்கா:
1991 ஜனவரி சூப்பர் பௌல், ஜயன்ட்ஸ் - பஃபலோ, 20-19. எல்லாரும் கடைசில நார்வுட் 47 யார்டு கிக்க வலது பக்கம் வெளிய அடிச்சதத்தான் போட்டுப் பாப்பாங்க, நீங்க மூணாவது குவார்ட்டர் ஆரம்பத்த பாருங்க. சிம்ஸ்க்கு கால் அடி, ரிசர்வ் ஆளு ஹாஸ்டெட்லர் ஆடறாப்ல. 14 ப்ளே, 75 யார்டு, ஒம்பதரை நிமிசம் பந்த எதிராளி கைலயே குடுக்கல. நடுவுல, பந்து நம்ம கைலயே இருக்க 13 யார்டு வேணும்ங்கற எடத்துல மார்க் இங்க்ரம் சின்னதா ஒரு கேட்ச் புடிச்சு, ஒவ்வொருத்தனா உதறி உட்டுட்டு நொண்டி நொண்டி 14 யார்டு போவாப்ல. பஃபலோ அட்டாக் அந்த வருசம் புயல், அத பெஞ்ச்லயே உக்கார வெக்கறதுதான் பார்செல்ஸ் பிளான். யூட்யூப்ல ஃபுல் மேட்ச் கெடைச்சா அந்த ட்ரைவ ஓட்டாம பாருங்க.