வேர்ட்பிரஸ் டாஷ்போர்டில் நம்முடைய செய்தி: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முதல் பதிவு

ஒரு உள்ளூர்ச் செய்தித் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். லாகின் செய்ததும் வருகிற டாஷ்போர்டின் (நிர்வாக முகப்பின்) 'நிகழ்வுகளும் செய்திகளும்' பெட்டியில் அடுத்த வெர்ஷனின் பீட்டா பற்றிய செய்தி இருக்கும். நிருபர்களுக்கு அது எதற்கு? அந்த இடத்தில் ஆசிரியர் குழுவின் அறிவிப்பு வந்தால் தேவலை என்று தோன்றியது.

இதற்காக வேர்ட்பிரஸின் கோர் (மூல நிரல்) கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. டாஷ்போர்ட்_பிரைமரி_ஃபீட் என்று ஒரு ஃபில்டர் (வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மதிப்பை நம் நிரலால் மாற்ற விடும் இடம்) 2.3 வெர்ஷனிலிருந்தே இருக்கிறது. அதில் ஒரு சின்ன ஃபங்ஷனை மாட்டி, எங்கள் அறிவிப்புப் பிரிவின் ஃபீட் (புதிய பதிவுகளைப் பிற இடங்களுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பு) முகவரியை ரிட்டர்ன் செய்தேன். தீம் மாற்றினால் காணாமல் போகக் கூடாதே என்று எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டரில் (இதில் உள்ளவை எப்போதும் தானாக இயங்கும்) தனிக் கோப்பாக வைத்தேன்.

அப்புறம்தான் வேடிக்கை. டாஷ்போர்டை ஆங்கிலத்தில் வைத்திருந்தவருக்குப் புதிய அறிவிப்பு வந்தது. தமிழில் வைத்திருந்த எனக்குப் பழைய செய்தியே வந்தது. கோரைத் திறந்து படித்தபோது காரணம் புரிந்தது. பெட்டியில் காட்டுகிற ஹெச்டிஎம்எல்லை வேர்ட்பிரஸ் 12 மணி நேரம் டிரான்சியன்டில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்கிறது. டேஷ்_வி2_ என்று தொடங்கும் அதன் பெயர், விட்ஜெட் (டாஷ்போர்டுப் பெட்டி) ஐடியையும் பயனரின் மொழியையும் வைத்து உருவாகிறது. ஃபீட் முகவரிக்கு அதில் இடமே இல்லை. அதனால் முகவரி மாறியது அதற்குத் தெரியாது. மொழிக்கு ஒரு நகல் வேறு. அந்த டிரான்சியன்ட்களை அழித்ததும் எல்லோருக்கும் சரியாக வந்தது.

பதில் 1

எனக்கு இரண்டாவது ஃபீடில் சிக்கல். அந்தப் பெட்டியில் ஒன்றல்ல, இரண்டு ஃபீட் ஓடுகிறது. முன்பு தனித்தனிப் பெட்டிகளாக இருந்தவற்றை 2013 டிசம்பரில் வந்த 3.8-இல் ஒன்றாக்கினார்கள். கீழே வருவது 'பிளானட் வேர்ட்பிரஸ்' (வேர்ட்பிரஸ் பற்றிய வலைப்பதிவுகளின் தொகுப்பு) ஃபீடின் 3 செய்திகள். அதை ஒழிக்க நினைத்து டாஷ்போர்ட்_செகண்டரி_ஐட்டம்ஸ் ஃபில்டரில் பூஜ்யம் கொடுத்தேன். வந்தது 10 செய்தி! எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழேயோ 20-க்கு மேலேயோ போனால் வேர்ட்பிரஸ் அதைத் தானாகவே 10 ஆக்கிவிடும். பூஜ்யம் என்றால் 'வேண்டாம்' என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கடைசியில் இரண்டாவது ஃபீடையும் எங்கள் தளத்தின் இன்னொரு பிரிவுக்கே திருப்பிவிட்டேன்.

பதில் 2

நாங்கள் ஒரு கல்லூரியின் லேன் (உள் நெட்வொர்க்) உள்ளே மட்டும் ஓடுகிற தளம். அறிவிப்பு ஃபீட் 192.168-இல் தொடங்கும் உள் நெட்வொர்க் முகவரி கொண்ட வேறொரு சர்வரில் இருந்தது. பிரவுசரில் ஃபீட் நன்றாகத் திறக்கும். டாஷ்போர்டில் மட்டும் ஆர்எஸ்எஸ் பிழை. பாதுகாப்புக்காக உள் நெட்வொர்க் முகவரிகளிலிருந்து ஃபீட் எடுக்க வேர்ட்பிரஸ் மறுக்கிறது. தளத்தின் சொந்த ஹோஸ்டுக்கு (சர்வர் பெயருக்கு) மட்டும் விலக்கு. ஹெச்டிடிபி_ரிக்வெஸ்ட்_ஹோஸ்ட்_இஸ்_எக்ஸ்டர்னல் ஃபில்டரில் அந்த ஒரு ஹோஸ்டை மட்டும் அனுமதித்தோம். சோம்பல்பட்டு எல்லாவற்றுக்கும் ட்ரூ ('அனுமதி') கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பாதுகாப்பு காரணத்தோடுதான் இருக்கிறது. போர்ட்டையும் (முகவரியோடு வரும் இணைப்பு எண்) பாருங்கள்: வெளி ஹோஸ்ட் என்றால் 80, 443, 8080 தவிர வேறு எதுவும் இயல்பாகச் செல்லாது.

பதில் 3

டாஷ்போர்ட்_பிரைமரி_டைட்டில் ஃபில்டரில் என்ன கொடுத்தாலும் பெட்டியின் தலைப்பு மாறாது. நம் அறிவிப்புக்கு மேலே 'வேர்ட்பிரஸ்' என்று நின்றால் யார் படிப்பார்கள்? என் கருத்தில் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதே வீண். டபிள்யூபி_டாஷ்போர்ட்_செட்டப் ஹூக்கில் (நம் நிரலை மாட்டும் இடத்தில்) அதை நீக்கிவிட்டு, அங்கேயே சொந்த விட்ஜெட் சேர்த்தால் தலைப்பு, எண்ணிக்கை, கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) எல்லாம் நம் கையில்.

முதல் பதிவிட்டவர்

தலைப்புக்காக இல்லாவிட்டாலும் அவசர அறிவிப்புக்காக நானும் அந்த வழிக்கே போகிறேன். ஃபீட் கேஷ் நேரத்தைக் குறைக்க ஃபில்டர் உண்டு. ஆனால் பெட்டியின் அந்த 12 மணி நேரம் கோரில் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. 'இன்று மாலை 4 மணிக்குக் கூட்டம்' என்று காலையில் போட்டால் சிலருக்கு இரவில்தான் தெரியும். ஒரு கேள்வி: ஸ்கிரீன் ஆப்ஷன்ஸில் போய் சொந்த விட்ஜெட்டையும் டிக் எடுத்து மறைத்துவிடுகிற ஆட்களை என்ன செய்கிறீர்கள்?