பழைய ஜாவா சர்வரில் லாக்4ஜே ஓட்டை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலக பில்லிங் மென்பொருளுக்குள் இன்னும் லாக்4ஜே 2.12.1 (ஜாவா மென்பொருளில் நடப்பதை லாக்கில் பதிவு செய்யும் நூலகம்) கிடக்கிறது. 2021 டிசம்பரில் வெளிவந்த அதே ஓட்டை, சிவிஇ-2021-44228 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). வெளியாள் அனுப்பும் ஒரு வரி லாக்கில் பதிவானாலே போதும். அதிலுள்ள ஜேஎன்டிஐ (வெளி சர்வரிலிருந்தும் பெயரை வைத்துத் தேடி எடுக்கும் ஜாவா வசதி) முகவரியை லாக்4ஜே தேடிப்போய் அவனுடைய நிரலை இறக்கி ஓட்டிவிடும்.

சர்வரில் இருப்பது ஜாவா 7. ஓட்டை அடைத்த லாக்4ஜே 2.17.1-க்கு ஜாவா 8 வேண்டும், ஆகவே ஜாவா 7-க்கான திருத்தமான 2.12.4 போடப்போகிறேன். அதுவரை லாக்4ஜே ஜாரிலிருந்து (ஜாவா நிரல்களைக் கட்டி வைத்த கோப்பு) அந்தத் தேடலைச் செய்யும் ஜேஎன்டிஐ லுக்கப் கிளாஸை நீக்கி, சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்புகளை ஃபயர்வாலில் அடைத்துவிட்டேன்.

வார் கோப்புக்குள் (ஜாவா வலைச் செயலியின் தொகுப்பு), ஜாருக்குள் ஜாராக ஒளிந்திருக்கும் லாக்4ஜே பிரதிகளை எப்படித் தேடுவது? ஏற்கெனவே யாராவது நுழைந்திருந்தால் தடம் எங்கே தெரியும்? வாடிக்கையாளர் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது, தூக்கமே வரவில்லை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.