போஸ்ட்ஃபிக்ஸ்: வெளியே போகும் மெயில் க்யூவில் தேங்குகிறது, 25-ஆம் போர்ட்டில் டைம்-அவுட்

கேள்வி:
உபுண்டு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) ஓடுகிறது. மெயில் உள்ளே வருகிறது. ஜிமெயிலுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. லாகில் ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’. ஃபயர்வாலை நிறுத்தியும் அதேதான். எஸ்பிஎஃப், டிகிம் (அனுப்புநர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறைகள்) சரியாக இருக்கின்றன. ஐபி பிளாக்லிஸ்ட்டில் விழுந்துவிட்டதா?

பதில்:
பிளாக்லிஸ்ட் என்றால் ஜிமெயில் சர்வர் பேசிவிட்டுத்தான் 550 மாதிரி ஓர் எண்ணோடு திருப்பி அனுப்பும். உங்கள் மெயில் அந்த வாசலுக்கே போய்ச் சேரவில்லை. எஸ்பிஎஃப், டிகிம் பேச்சு அப்புறம்.

விபிஎஸ்ஸுக்குள் இருந்தே சோதியுங்கள். வீட்டு இணைப்பில் பெரும்பாலும் 25 அடைத்தே இருக்கும், அந்த முடிவை நம்ப முடியாது. ‘டிக்’ (டிஎன்எஸ் தேடும் கட்டளை) போட்டு ஜிமெயிலின் எம்எக்ஸ் (மெயிலை வாங்கும் சர்வர்) பெயரை எடுத்து, டெல்நெட் (ஒரு போர்ட்டில் இணைத்துப் பார்க்கும் கட்டளை) வழியாக அதன் 25-ஆம் போர்ட்டைச் சோதியுங்கள். 220 என்று ஒரு வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. சட்டென்று ‘ரெஃப்யூஸ்ட்’ வந்தால் அந்த போர்ட்டில் எதுவும் ஓடவில்லை, அல்லது ஃபயர்வால் மறுத்து அனுப்புகிறது. ‘ட்ரையிங்’ என்றே நின்றால் பாக்கெட்டை நடுவில் எங்கோ விழுங்குகிறார்கள். இன்னும் இரண்டு நிறுவனங்களின் எம்எக்ஸையும், ஜிமெயிலின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சர்வரில் 587-ஐயும் பாருங்கள்.

கேட்டவர்:
25 எல்லாவற்றிலும் ‘ட்ரையிங்’கோடு நிற்கிறது. 587-இல் உடனே 220.

இன்னொரு பதில்:
டெல்நெட்டில் -4 (ஐபிவி4 வழி மட்டும்) சேர்த்து ஒரு முறை பாருங்கள். ஐபிவி6 வழி மட்டும் கெட்டிருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

கேட்டவர்:
-4 போட்டாலும் அதே.

முதல் பதில் தந்தவர்:
அப்படியானால் விபிஎஸ் நிறுவனமே வெளியே போகும் 25-ஐ அடைத்திருக்கிறது. ஸ்பேமைத் தடுக்கப் பல கிளவுட் நிறுவனங்கள் செய்வதுதான். டிக்கெட் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) அப்போதே அமைத்துவிடுங்கள், அது இல்லாவிட்டால் அடுத்து ஜிமெயில் மறுக்கும். எம்எக்ஸுக்கு நேரடியாக 587-இல் அனுப்பலாம் என்று முயலாதீர்கள். அது லாகின் செய்து அனுப்புவோருக்கான போர்ட்.

திறக்க மறுத்தால், உங்கள் மெயிலை வாங்கித் தன் சர்வர் வழியாக அனுப்பித் தரும் ரிலே சேவைதான். போஸ்ட்ஃபிக்ஸின் ரிலேஹோஸ்ட் அமைப்பில் அந்தச் சேவையின் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, பின்னால் :587. அடைப்பை விட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடப் போய்விடும். எஸ்ஏஎஸ்எல் (லாகின் முறை) ஆன், டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்குவது) ‘என்க்ரிப்ட்’. பாஸ்வேர்ட் கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத), பிறகு அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளை. எஸ்ஏஎஸ்எல் செக்யூரிட்டி ஆப்ஷனில் ‘நோஅனானிமஸ்’ மட்டும் இருக்கட்டும்; இயல்பாக அதோடு இருக்கும் ‘நோப்ளெயின்டெக்ஸ்ட்’ பல ரிலேக்களில் லாகினைக் கெடுக்கும். லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜ் இல்லாவிட்டாலும் ‘நோ மெக்கானிசம் அவைலபிள்’ வரும்.

எஸ்பிஎஃப்பில் ரிலேயையும் சேருங்கள். போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்து ‘போஸ்ட்க்யூ -எஃப்’ கொடுத்தால் தேங்கியவை கிளம்பும். இயல்பான அமைப்பில் க்யூ 5 நாள்தான் வைத்திருக்கும், அதற்குள் முடியுங்கள்.