புதுப்பிப்பு: அதிரசம் விற்ற காசில் வந்த கதவுகள்

தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக் கழிப்பறைகளுக்குக் கதவு மாற்ற, இன்னர் வீல் என்ற எங்கள் மகளிர் சேவைச் சங்கப் பெண்கள் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கப் போகிறோம் என்று போன மாதம் எழுதியிருந்தேன். கதவுகள் மாட்டியாகிவிட்டன!

அதிரசம் முதல் நாளே தீர்ந்துபோனது. வெல்லப்பாகின் பதத்தை விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடும் பெரியம்மா ஒருவர் எங்களுக்கு வாய்த்தது பெரும் பேறு.

நன்கொடையை ரொக்கமாகத் தந்தால் ஆகாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு கிடையாது. காசோலை கேட்டது அதனால்தான்.

திறந்த அன்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் போட்டுத் திறந்தாள். “இனிமேல் வெளியே யாரும் காவல் நிற்க வேண்டாம், இல்லையா அக்கா?” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்று: 1924இல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் தொடங்கியபோது இன்னர் வீல், ரோட்டரி சங்க உறுப்பினர்களின் குடும்பப் பெண்களுக்கான சங்கம். இன்று அந்த உறவு இல்லாதவர்களும் சேரலாம். வாருங்கள், தண்ணீர்த் தொட்டி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.