செய்யும் வேலையில் பொருள் இருப்பதாக எப்போது தோன்றுகிறது?

கேள்வி:
ஒன்பது ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் மாதாந்தர அறிக்கைகள் தயாரித்து வருகிறேன். சம்பளத்தில் குறையில்லை, வேலைப்பளுவும் அதிகமில்லை. சென்ற மாத அறிக்கையில் இரண்டு பக்கங்கள் தவறுதலாக விடுபட்டுப் போயின. இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. இது வேலையின் குறையா, என் மனநிலையின் குறையா?

மறுமொழி 1:
உங்கள் மனநிலையில் குறையில்லை. 2008இல் டான் ஏரியலியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் கூலிக்கு லெகோ பொம்மைகளைக் கட்டினார்கள். ஒரு குழுவினர் கட்டியவை மேசைமேல் அடுக்கப்பட்டன. மற்றொரு குழுவினர் கட்டியவையோ, அவர்கள் அடுத்ததைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரில் பிரிக்கப்பட்டன. கூலி விகிதம் ஒன்றாகவே இருந்தும், முன்னவர்கள் சராசரியாக 10.6 பொம்மைகளும் பின்னவர்கள் 7.2 பொம்மைகளும் கட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுக்கி வைக்கப்பட்டவையும் யாருக்கும் பயன்படவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்தது கண்முன் அழியாமல் இருந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. விடுபட்ட பக்கங்களை ஒருவரும் தேடாதது, உங்கள் பொம்மையைப் பிரித்துப் போட்டதற்குச் சமம்.

மறுமொழி 2:
அழியாமல் இருப்பது மட்டும் நெடுநாள் தாங்காது என்பது என் எண்ணம். யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதும் தெரிய வேண்டும். ஆடம் கிராண்ட் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டியவர்கள், அந்த நிதியால் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கும் மேலாகியிருந்தது. உங்கள் அறிக்கையைப் படிப்பவர் யார் என்று நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
கேளுங்கள், ஆனால் எல்லாப் பொறுப்பையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கேத்தரின் பெய்லியும் ஏட்ரியன் மேடனும் பத்துத் தொழில்களைச் சேர்ந்த 135 பேரிடம் பேசி 2016இல் எழுதிய கட்டுரையின்படி, வேலையில் பொருள் கண்டதற்குத் தம் மேலதிகாரியைக் காரணமாகச் சொன்னவர்கள் அரிது. பொருளற்றுப் போனதற்கோ மேலதிகாரிகள் நடத்திய விதமே பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்பட்டது. (மேலாளனாக இருந்த எனக்கு அதைப் படித்தபோது சற்று உறுத்தத்தான் செய்தது.)

கேள்வி கேட்டவர்:
கேட்டுப் பார்த்தேன். நான்காம் பக்கத்து அட்டவணையை மட்டும் ஒருவர் மாதந்தோறும் கையால் படியெடுத்து வருகிறார். மற்றப் பதினொரு பக்கங்கள் யாருக்கு என்பது அவருக்கும் தெரியவில்லை. அந்த அட்டவணையை அவருக்கு வேண்டிய வடிவில் இந்த மாதமே கொடுத்துவிட்டு, மற்றவற்றை நிறுத்தலாமா என்று மேலாளரிடம் கேட்கப் போகிறேன்.