கிணற்று நீச்சலை நம்பி கோவா கடலுக்குப் போனோம்

கோவாவில் அயர்ன்மேன் 70.3 என்ற நீச்சல்-சைக்கிள்-ஓட்டப் போட்டிக்குப் போய் வந்ததை எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தருமபுரியிலிருந்து ஆறு பேர் வேன் பிடித்துப் போனோம். ஐந்து பேர் முடித்தோம். முடிக்காத அண்ணன் தன் கதையைத் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் அதை நான் தொடவில்லை.

70.3 என்பது மைல் கணக்கு. நம் கணக்கில் 113 கிலோமீட்டர்: கடலில் 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் மூன்றும் முடிய வேண்டும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 வந்துவிடும், அது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஓட்டமும் பழகியதுதான். பயமெல்லாம் நீச்சலில்.

எங்களில் பாதிப் பேர், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் வந்தவர்கள். பயிற்சியும் என் மாமனார் கிணற்றில்தான். குறுக்கே 12 மீட்டர் இருக்கும். 1.9 கிலோமீட்டர் ஆக வேண்டுமென்றால் 158 தடவை குறுக்கே போக வேண்டும். நீந்துகிறவனால் எண்ண முடியாது என்று மச்சான் மகனை மேட்டில் உட்கார வைத்தோம், பத்துக்கு ஒரு புளியங்கொட்டை. பாதியில் அவன் கொட்டையைச் சுண்டி விளையாட ஆரம்பித்துவிடுவான். அன்றைக்கெல்லாம் நான் ஒன்றரை நீந்தினேனா மூன்று நீந்தினேனா என்பது அந்தப் பையனுக்கே வெளிச்சம்.

கிணற்றில் பத்து வீச்சுக்கு ஒரு சுவர் வந்துவிடும். காலால் ஒரு உதை, கூடவே நிதானமாக ஒரு மூச்சு. அதாவது 158 தடவை இளைப்பாறித்தான் நீந்திக்கொண்டிருந்தோம். இது மிராமார் கடற்கரையில் இறங்கி ஐந்தாவது நிமிடம்தான் எனக்கு உறைத்தது. சுவர் வரவே இல்லை.

உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிவிடும் என்றார்கள், உண்மைதான். திசைதான் தகராறு. கிணற்றில் வழி தவற முடியாதே! இங்கே தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துவிட்டு முகத்தைப் போட்டு, அடுத்த தடவை பார்த்தால் மிதவை வேறெங்கோ நிற்கிறது. காயாக்கில் இருந்த பையன் இரண்டு தடவை துடுப்பை நீட்டி வழி காட்டினான். கரையேறியபோது வாட்ச் 2.3 கிலோமீட்டர் காட்டியது. ஒரு மணி ஆறு நிமிடம். கெடு ஒரு மணி பத்து.

சைக்கிளில் பெரிதாக ஒன்றுமில்லை. நாம் ஹைவேயில் ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டிப் போய்க் காற்றைச் சமாளிப்போமே, அது இங்கே செல்லாது. முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும், மீறினால் ஐந்து நிமிடம் பெனால்ட்டி டென்ட்டில் நிற்க வேண்டும். எனக்கு அந்த மரியாதை கிடைத்தது.

ஓட்டத்தில், தருமபுரி வெயில் பார்த்தவனுக்கு இது என்ன என்று மிதப்பாகத்தான் கிளம்பினேன். நம் ஊர் வெயில் வேர்வையை உடனே உறிஞ்சிவிடும். அங்கே வேர்வை காயவே இல்லை, அதனால் உடம்பு ஆறவும் இல்லை. எட்டாவது கிலோமீட்டரிலிருந்து நடையும் ஓட்டமும்தான். ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தேன்.

*

மேலே எழுதிய அண்ணன் என்னைப் பற்றி எழுதாமல் விட்டதால் நானே எழுதுகிறேன். ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் ஜெர்சி முதுகில் தமிழில் ‘தருமபுரி’ என்று இருக்கும். ஓட்டத்தில் இரண்டாவது சுற்று, கால் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “யம்மா, தருமபுரியா? நான் அரூரு!” டைல்ஸ் வேலைக்கு வந்து பதினோரு வருஷமாம். ரப்பர் செருப்போடு என் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டார், கையில் மோர் பாக்கெட் வேறு. வெளியாள் கூட ஓடவோ எதையும் கொடுக்கவோ கூடாது என்பது விதி. “அண்ணா, கோவிச்சுக்காதீங்க, நீங்க கூட வந்தா என்னைத் தூக்கிடுவாங்க” என்றேன். முகம் சுண்டிவிட்டது, எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் பார்த்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நிற்கிறார். “இங்கேருந்து கத்துனா தப்பில்லியே?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தினார்கள். முடித்த பிறகு போய் அந்த மோரை வாங்கிக் குடித்தேன்.

*

முடிக்காதவன் நான்தான். எங்கள் குழுவிலேயே விலை கூடின சைக்கிள் என்னுடையது, அதை 90 கிலோமீட்டரில் ஒரு மீட்டர்கூட ஓட்டவில்லை. கடலிலிருந்து ஏறியபோது ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். ஒரு தன்னார்வலர் பெண் குனிந்து என் கணுக்காலிலிருந்து நேரம் கணக்கிடும் சிப்பைக் கழற்றினார். ஏதோ சொன்னார், காதில் தண்ணீர், கேட்கவில்லை. சைக்கிள் நிறுத்தத்தில் என் வண்டி தனியாக நின்றதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

சைக்கிளுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கைக் கடலுக்குச் செலவழித்திருந்தால் போதும். நமக்குக் கடல் தூரம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, விடிகாலை புதுச்சேரியில் பழக்கமான மீனவர் ஒருவரின் படகுத் துணையோடு இறங்குகிறோம். சுவர் இல்லாமல் நாற்பது நிமிடம் வரை வந்திருக்கிறேன். இந்த மாத வேனில் இரண்டு இடம் காலி, வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.