சோலார் ஹீட்டர்: சாயங்காலம் சுடுது, விடியக்காலை வெதுவெதுப்புகூட இல்லை. குழாய் எல்லாம் மாத்தணுமா?

ஓசூர் மாடிவீடு

வணக்கம். பாகலூர் ரோடு பக்கம் வீடு. மாடியில 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர், 20 கண்ணாடிக் குழாய் வச்சது. ஆறு வருஷமாச்சு. போர் தண்ணிதான், உப்பு ஜாஸ்தி. ரெண்டு மாசமா காலையில ஆறு மணிக்குத் திறந்தா சூடே இல்லை. 2000 வாட் பேக்கப் காயில் போட்டாத்தான் குளிக்க முடியுது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டு, "பனிக்காலம், வெயில் பத்தாது. குழாயும் பழசு, இருபதையும் மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டார். ரெண்டு குழாயோட அடிமுனை மட்டும் வெள்ளையா இருக்கு. மாத்தத்தான் வேணுமா?

அரூர் எலக்ட்ரிகல்

உப்புத் தண்ணின்னாலே இதுதான் சார். குழாய் அடியில சுண்ணாம்பு கட்டியிருக்கும். பாத்ரூம் கழுவற ஆசிட்டை டேங்குல ஊத்தி ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்க, போயிடும்.

பாலக்கோடு பிளம்பிங்

ஆசிட் மட்டும் வேண்டாங்க. அது ஹைட்ரோகுளோரிக். உள்டேங்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருந்தா வெல்டிங் ஓரமா ஊசித்துளை போட்டுடும். அப்புறம் தண்ணி வெளியே சொட்டாது, டேங்கைச் சுத்தி சூடு போகாம காக்கற பஃப் நுரை ஊறிப்போகும். டேங்கையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

சார், முதல்ல ஒண்ணு தெரியணும். பகல்ல சூடே ஏறலையா, இல்ல ஏறின சூடு ராத்திரி போயிடுதா? ரெண்டும் வேற வேற வியாதி. காயிலை ஆஃப் பண்ணிடுங்க. 100 டிகிரி வரைக்கும் காட்டற சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க, காய்ச்சல் பார்க்கறது ஆகாது. சாயங்காலம் 4 மணிக்கு ஒரு தடவ, மறுநாள் காலை 6 மணிக்கு ஒரு தடவ, நடுவுல சுடுதண்ணி எடுக்காம அளங்க. பாத்ரூம்ல அளக்கறதா இருந்தா முதல் அரை பக்கெட்டைக் கீழ விட்டுடுங்க. முக்கால் இன்ச் சிபிவிசி பைப்புல மீட்டருக்குக் கால் லிட்டர் நிக்கும், 20 மீட்டர் லைன்னா 5 லிட்டர் ஆறின தண்ணிதான் முதல்ல வரும்.

தேன்கனிக்கோட்டை சோலார்

பனிக்காலத்துல வெயில் பத்தாதுங்கறது பாதி உண்மை. மேகமில்லாத நாள்ல டிசம்பர்லயும் குளிக்கற சூடு வந்தே தீரும். ஆனா நிழலைப் பாருங்க. நம்ம பக்கம் டிசம்பர் கடைசியில உச்சிவேளைச் சூரியன் 54 டிகிரி உயரத்துலதான் நிக்கும், அதுவும் தெற்கே சாஞ்சு. தெற்குப் பக்கம் 10 அடி உயரத்துல எது இருந்தாலும் மத்தியானம் ஏழேகால் அடிக்கு நிழல் விழும். காலை, மாலை இன்னும் நீளம். பக்கத்து மாடியில புதுசா சின்டெக்ஸ் டேங்க் ஏத்தியிருக்காங்களா?

அடிமுனை வெள்ளையான குழாய் ரெண்டும் செத்துப்போச்சு. வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கறது பேரியம் பூச்சு. குழாயோட ரெண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவுல இருக்கற வெற்றிடத்துக்குள்ள காத்து போனா பால் மாதிரி வெளுத்துடும். மத்தியானம் தொட்டுப் பாருங்க, நல்ல குழாய் வெளியே சில்லுன்னு இருக்கும், செத்தது சுடும். அந்த ரெண்டை மட்டும் மாத்தினாப் போதும்.

ஓசூர் மாடிவீடு

நிழல் இல்லைங்க. அளந்தேன். 4 மணிக்கு 61 டிகிரி, காலையில 38. டேங்க் அவுட்லெட்லயே பிடிச்சது.

பாலக்கோடு பிளம்பிங்

அப்ப பகல் வேலை நல்லாவே நடக்குது. இருபது குழாயும் மாத்தற பேச்சே வேண்டாம். ராத்திரி 23 டிகிரி போறதுதான் பிரச்சனை. பஃப் நல்லா இருக்கற டேங்க் அஞ்சு டிகிரி, போனா எட்டு இறங்கும். ரெண்டு செத்த குழாயால இவ்வளவு போகாது. 200 லிட்டர்ல 23 டிகிரின்னா அஞ்சு யூனிட் கரண்டுக்கு மேல, ராத்திரியோட ராத்திரியா எங்கயோ போகுது.

இன்னைக்கு ராத்திரி டேங்குல இருந்து கீழ வர்ற சுடுதண்ணி கேட் வால்வை இறுக்கி மூடிடுங்க. நாளைக்கும் 38ன்னா டேங்க்லதான் கோளாறு. 50க்கு மேல இருந்தா டேங்கை மறந்துட்டு பாத்ரூமைப் பாருங்க.

காவேரிப்பட்டணம் பம்ப் ஒர்க்ஸ்

ஒரு சந்தேகம் சார். சமீபத்துல பச்சைத்தண்ணி லைன்ல பிரஷர் பம்ப் போட்டீங்களா? ராத்திரி யாரும் குழாய் திறக்காமலே அது ஓடி ஓடி நிக்குதா? காலையில மாடியில ஏர் வென்ட் பைப், அதான் சோலார் டேங்க் மேல காத்து போக வர திறந்திருக்கற பைப், அது பக்கம் ஈரம் இருக்கா?

ஓசூர் மாடிவீடு

அண்ணா, நேர்ல பார்த்த மாதிரி கேக்கறீங்க. தீபாவளிக்குத்தான் பம்ப் போட்டோம். ராத்திரி பத்து நிமிஷத்துக்கொரு தடவ ஓடும். எங்கயோ ஒழுகுதுன்னு வீடு பூரா தேடினோம், ஒரு சொட்டு இல்லை. மாடி ஈரம் பனின்னு நினைச்சோம். வால்வை மூடி வச்சதுல காலையில 55.

காவேரிப்பட்டணம் பம்ப் ஒர்க்ஸ்

அதேதான். சோலார் டேங்க் பாத்ரூமுக்கு 10 அடி மேல இருந்தா சுடுதண்ணி லைன்ல அழுத்தம் 0.3 பார்தான். பம்ப் போட்ட பச்சைத்தண்ணி லைன் 1.5 பார். ரெண்டும் சந்திக்கற இடம் பாத்ரூம்ல சுடுதண்ணி, பச்சைத்தண்ணி கலந்து விடற மிக்ஸர் குழாய். அங்க இம்மி வழி கிடைச்சாலும் பச்சைத்தண்ணி சுடுதண்ணி பைப்புலயே மேல ஏறி, டேங்குக்குள்ள புகுந்து, இருக்கற சூட்டை வென்ட் வழியாவும் மேல்தொட்டிக்கும் தள்ளிடும். ஒழுக்கு வீட்டுக்குள்ளயே சுத்துது, அதான் கண்ணுக்குத் தெரியலை.

எந்த பாத்ரூம்னு கண்டுபிடிக்க, ஒரு ராத்திரிக்கு ஒரு பாத்ரூம்னு மிக்ஸருக்குக் கீழ இருக்கற சுடுதண்ணி ஆங்கிள் காக்கை, அதான் சுவர்ல இருக்கற சின்ன வால்வை, மூடுங்க. எதை மூடினா பம்ப் அடங்குதோ அங்கதான். ஹேண்ட் ஷவர் வச்ச மிக்ஸரை முதல்ல சந்தேகப்படுங்க. ரெண்டு திருகையும் திறந்தபடி விட்டுட்டு, கையில இருக்கற பட்டனை மட்டும் மூடிட்டு வந்துடுவாங்க. அதுவே போதும். திருகு மூடியும் ஏறுதுன்னா உள்ள ஸ்பிண்டில், அதான் திருகோட உள்தண்டு, தேஞ்சிருக்கு. ஒத்தைக் கைப்பிடி மிக்ஸர்னா கைப்பிடிக்கு அடியில இருக்கற கார்ட்ரிட்ஜ் தேஞ்சிருக்கும். பழசைக் கழட்டிக் கடைக்கே எடுத்துட்டுப் போங்க, 35 மில்லிமீட்டரும் 40ம் பார்வைக்கு ஒண்ணுபோல இருக்கும்.

கூடவே மிக்ஸருக்கு முன்னாடி சுடுதண்ணி லைன்ல ஒரு என்ஆர்வி, அதான் தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடற வால்வு, போடுங்க. பித்தளை, முக்கால் இன்ச், உள்ள கதவு மாதிரி ஆடற ஸ்விங் டைப். ஸ்பிரிங் வச்சது வேண்டாம், 0.3 பார் அழுத்தத்துல அது முழுசாத் திறக்காது, ஷவர் நூலா வரும். படுக்கைவசத்துல, அம்புக்குறி மிக்ஸரைப் பார்த்து.

இன்னொண்ணு, யாராவது "வென்ட்டை அடைச்சா ஈரம் நிக்கும்"னு சொன்னா கேக்காதீங்க. இது அழுத்தம் தாங்கற டேங்க் இல்லை. அடைச்சா பம்ப் அழுத்தத்துல உப்பும், தண்ணி வேகமா இறங்கினா ஒடுங்கும்.

ஓசூர் மாடிவீடு

கீழ் பாத்ரூம் ஹேண்ட் ஷவர்தான்! திருகு ரெண்டும் மூடினதும் பம்ப் அடங்கிடுச்சு. இன்னைக்குக் காலையில 54. என்ஆர்வி நாளைக்குப் போடறாங்க. அந்த ரெண்டு குழாயும் மாத்தப்போறோம். அப்படியே உப்பையும் எடுத்துடலாமா?

தேன்கனிக்கோட்டை சோலார்

எடுங்க, ஆனா விடியறதுக்கு முன்னாடி. இன்லெட் வால்வை மூடி, டிரெயின் வழியா டேங்கைக் காலி பண்ணிட்டு, குழாயை மெதுவா திருகி உருவுங்க. அடியில சேறு மாதிரி நிக்கறதைக் கொட்டிடலாம். சுவர்ல ஒட்டினதுக்கு 10 லிட்டர் தண்ணியில அரைக் கிலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு, குழாயை நட்டுக்குத்தா சாய்ச்சு வச்சு ஊத்தி ராத்திரி பூரா விடுங்க. ஒரு குழாய் ரெண்டே முக்கால் லிட்டர் பிடிக்கும், அதனால தடவைக்கு மூணு குழாய். கம்பி விட்டு நோண்டாதீங்க, ஒரு கீறல் போதும் பின்னால வெடிக்க.

மாட்டும்போது சிலிக்கான் வளையத்துல சோப்புத் தண்ணி தடவிச் சுத்திச் சுத்தி ஏத்துங்க. எண்ணெய், கிரீஸ் ஆகாது. வெயில்ல காலியா நின்ன குழாய் 200 டிகிரிக்கு மேல காயும், அதுல பச்சைத்தண்ணி பட்டா சில்லு சில்லாப் போயிடும். நேரமாயிடுச்சுன்னா பெட்ஷீட் போட்டு மூடி வச்சு, சாயங்காலம் ஆறினப்புறம் தண்ணி விடுங்க.

பாலக்கோடு பிளம்பிங்

என்ஆர்விக்கு ரெண்டு பக்கமும் யூனியன், அதான் திருகிக் கழட்டற இணைப்பு, போடச் சொல்லுங்க சார். நம்ம போர் தண்ணிக்கு வருஷத்துல ஒருதடவை அந்தக் கதவுலயும் உப்பு கட்டும், கழட்டித் தேய்க்கணும். யூனியன் இல்லன்னா பைப்பை அறுத்தாத்தான் வெளியே வரும்.